இருபத்தாறு பாயிண்ட் காற்று

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் அவர் பெயர் தாராளம். வள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற வண்டிகள் சப்பிச் சப்பிக் குடிக்கிற டீசலை அவர் ஓட்டிய மூணாம் நம்பர் வண்டி மடக் மடக்கென்று குடித்தது. அதனால் வந்த பெயர். குடித்தது வண்டியா அவரா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது பாருங்கள், அதுதான் ஆளைக் கவிழ்த்தது.

ஷெட்டில் மொத்தம் எட்டு வேன்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, டயாலிசிஸ் மையத்தில் இறக்கி, ரத்தம் சுத்தமானதும் திரும்ப ஏற்றி, வீட்டில் விட வேண்டும். அதில் கஷ்டம் இல்லை. அவர்களுக்கு ஓடிப்போகத் தெம்பு கிடையாது. கஷ்டமெல்லாம் சனிக்கிழமை நாலு மணிக்குத்தான். அப்போது மேலாளர் வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு எட்டு வண்டிக்கும் மைலேஜ் எழுதுவார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முழு எண்ணோடு விடமாட்டார். தசமம் வேண்டும். அந்தப் புள்ளியை வைக்கும்போது மார்க்கரால் ஒரு குத்து விடுவார், சுவரே அதிரும். அவருக்குப் புள்ளி சார் என்று பெயர் வைத்ததில் ஷெட்டின் மூளை அதிகம் செலவாகவில்லை.

கிலோமீட்டருக்கு வண்டியின் மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. பாதி வண்டிகளில் மீட்டர் செத்துப் பல வருஷம். எப்போதோ ஒருமுறை ஒவ்வொரு வழியையும் அளந்து, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தத் தாளில் இருக்கும் தூரம்தான் தூரம். அதைப் போட்ட டீசலால் வகுத்தால் மைலேஜ். வகுத்து வரும் எண் எட்டு வண்டியில் எதற்குக் குறைவோ, அந்த வண்டியின் உள்கண்ணாடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் புனலைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். ஒரு வாரம் முழுக்க அது முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டே வரும். கழற்றக் கூடாது. தொடர்ந்து மூன்று வாரம் ஆடினால் ஆளை வண்டியிலிருந்து இறக்கிக் கழுவுகிற கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளத்தில் பாதி, கையில் குழாய்.

பலகையின் உச்சியில் எப்போதும் ஒரே ஆள். தாராளத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. வேன் ஓட்டி சைக்கிள் மாதிரிச் செலவு வைக்கிறவன் என்பதால் அவன் பெயர் சைக்கிள். பதிமூணு புள்ளி ஒன்பது. சிக்னல் சிவப்பாக இருப்பதை முந்நூறு அடிக்கு முன்னாலேயே மோப்பம் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். பிரேக்கைத் தொடுவதை மானக்கேடு மாதிரி நினைப்பான். இறக்கத்தில் நியூட்ரல். ஏசி என்று ஒரு பொத்தான் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நோயாளி வாசலுக்கு வர நேரமானால் என்ஜினை அணைத்துவிட்டுப் பல் குத்துவான். வண்டிக்குள் நாலு பேர் வெந்துகொண்டிருப்பார்கள்.

"வேர்த்தா நல்லதுதானே? ஒடம்புல இருக்கற தண்ணி வெளிய போகணும்னுதானே மிஷின்ல படுக்கறீங்க? நான் ஓசியிலயே பாதி வேலைய முடிச்சுத் தர்றேன்" என்பான். மருத்துவ ஆலோசனையும் இலவசம்.

தாராளத்துக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதை அவன் மறக்கவில்லை. அவன் அக்கா அவனைவிட மறக்கவில்லை.

இரண்டாவது வாரமும் புனல் வந்த சனிக்கிழமை, சைக்கிள் வீட்டுக்கே வந்து தகவல் சொன்னான். வீடு இரண்டு அறை. முன்னறையில் மேசை விளக்கு, மகளின் புத்தகங்கள், துணி இஸ்திரி போடுகிற பலகை. மனைவி சலவைக் கடைக்கு வீட்டிலிருந்தே சட்டை தேய்த்துக் கொடுப்பவர்.

"ஒன்பது புள்ளி நாலு, அக்கா! குட்டி லாரியே பதினொண்ணு குடுக்குது. மாமா ராவா குடிச்சிட்டு வர்றாரான்னு வாய மோந்து பாரு."

மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "மோந்து பாக்கறதுக்கு என்ன இருக்கு? வீட்டுல ஒரு லைட்டு எரிஞ்சா ஓடி வந்து அணைக்கறவரு. டீசல்னா மட்டும் கை தாராளமாயிடுமா?"

"அப்பா, மூணாவது புனலும் வாங்கிட்டா செட்டு சேர்ந்துடும்ல?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"கேலி பண்ணாதே. என் தம்பி தலையைக் குனியற மாதிரி மட்டும் வெச்சுடாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்றார் மனைவி. அவ்வளவோடு நிறுத்தவில்லை. ஏழு சட்டை தேய்த்து முடியும்வரை சொன்னார்.

தாராளம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். ஊர் சிரிக்கும்.

தையல்காரம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். முப்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவர். இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மூணாம் நம்பர் வண்டியின் முன் சீட்டுக்குச் சொந்தக்காரி. டயாலிசிஸ் பல வருஷமானால் எலும்பு பிஸ்கட் மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அவருக்கு ஆகிவிட்டது. ஆனால் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டு வாசற்படியிலிருந்து வண்டிக்கு வர அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம். கை பிடிக்கப் போனால், "தொடாதே. நான் என்ன மூட்டையா?" என்பார். ஏறி உட்கார்ந்ததும் புனலைப் பார்த்து, "இதென்ன கருமம்?"

"அலங்காரம்மா."

"உன் மூஞ்சிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

புனலெல்லாம் வருவதற்கு முன்னால் ஒருநாள் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது தையல்காரம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய்க்குட்டியை மிதித்தால் வருமே, அது. வந்த சத்தத்தை அப்படியே விழுங்கி, இருமல் மாதிரி ஆக்கி வெளியே விட்டார். கை கைப்பிடியில் வெளுத்துப்போய் இருந்தது. தாராளம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்காத மாதிரி இருந்துவிட்டார். ஆனால் கேட்டுவிட்டது. கேட்டுத் தொலைத்த காதைக் கழற்றி வைக்க முடியுமா?

அன்றிலிருந்து மூன்று வேலை செய்தார். மூன்றும் குற்றம்.

முதல் வேலை, டயர். கம்பெனி சட்டப்படி நாற்பது பாயிண்ட் காற்று இருக்க வேண்டும். அவர் இருபத்தாறாக இறக்கினார். காற்று குறைந்தால் டயர் மெத்தை மாதிரி அமுங்கி, குலுக்கலைப் பாதியாவது தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் ரோட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உருள மாட்டேன் என்று அடம் பிடிக்கும். டீசல் போகும், டயரும் சீக்கிரம் தேயும். இரண்டாவது, வழி. நேர் ரோட்டில் பதினேழு வேகத்தடை, எண்ணிக்கையில் அடங்காத பள்ளம். அதை விட்டுவிட்டு ரயில்பாதையை ஒட்டிய புது ரோட்டில் சுற்றிப் போனார். போக ஆறு, வர ஆறு கிலோமீட்டர் கூடுதல். சுவரில் மாட்டிய தாளுக்கு அந்த ரோட்டைத் தெரியாது. மூன்றாவது, அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு வண்டியைக் குளிர வைத்தார். வெயிலில் நின்ற வண்டியின் சீட்டில் உட்கார்ந்தால் தையல்காரம்மாவுக்குத் தலை சுற்றும்.

"எதுக்குடா ஊரையே சுத்திக் காட்டறே?" என்றார் தையல்காரம்மா.

"அந்தப் பக்கம் டிராஃபிக்மா."

"பொய். உனக்கு வழி தெரியல. ஓட்டத் தெரியாதவனையெல்லாம் நம்ம தலையில கட்டறானுங்க."

பின் சீட்டில் மூன்று பேர் எப்போதும் தூங்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள்கூட அந்த நேரம் பார்த்து விழித்துச் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை புள்ளி சார் கூப்பிட்டார். கண்ணாடி தடுப்பு போட்ட அறை. நாற்காலி இரண்டு இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"ஒன்பது நாலு. நேத்து வண்டிய மெக்கானிக் பாத்தாச்சு. ஓட்டையில்ல, கசிவில்ல. அப்ப டீசல் எங்க போகுது?"

"ரோடு சரியில்ல சார்."

"ரோடு எல்லாருக்கும் ஒரே ரோடுதான்யா. வியாழக்கிழமை நான் உன்கூட வர்றேன். கழுத்துவரைக்கும் டீசல் நிரப்பிட்டுக் கிளம்பறோம். திரும்பி வந்து மறுபடி கழுத்துவரைக்கும் நிரப்பறோம். எவ்வளவு புடிக்குதோ அதான் கணக்கு."

புதன்கிழமை ராத்திரி தாராளம் தூங்கவில்லை, ஆனால் அது கதைக்குத் தேவையில்லை. வியாழன் காலை அவர் செய்ததுதான் தேவை. ஆள் பயந்துபோயிருந்தார். நல்ல மைலேஜ் காட்டிவிட்டால் வண்டி தப்பும், வேலை தப்பும், வீட்டில் ஏழு சட்டை நேரத்துக்குத் திட்டு வாங்குவது தப்பும் என்று நினைத்தார். மனிதன் பயத்தில் கணக்குப் போட்டால் இப்படித்தான், முதல் வரியோடு நின்றுவிடும். காற்றுக் குழாயை எடுத்து நாலு டயருக்கும் நாற்பத்திரண்டு ஏற்றினார். டயர் கருங்கல் ஆனது.

தையல்காரம்மாவின் வாசலில் என்ஜினை அணைத்தார். பன்னிரண்டு நிமிஷம் வண்டி வெயிலில் வெந்தது. அந்தம்மா வந்து பார்த்தால், முன் சீட்டில் புள்ளி சார் மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

"பின்னாடி உக்காருங்கம்மா. இன்னிக்கு ஒருநாள்."

பின்னாடி என்றால் கடைசி வரிசை, பின் சக்கரத்துக்கு நேர் மேலே. தையல்காரம்மா தாராளத்தைப் பார்த்தார். தாராளம் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

நேர் ரோடு. முதல் வேகத்தடையில் அந்தச் சத்தம் வந்தது. இரண்டாவதில் வந்தது. தாராளம் அன்று ஓட்டியதைப் பார்த்து சைக்கிளே கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். ஆக்சிலேட்டரை முட்டையை மிதிப்பது மாதிரி மிதித்தார். சிக்னலுக்கு முந்நூறு அடி முன்னாலேயே காலை எடுத்தார். பிரேக் போட்டால் மறுபடி வேகம் எடுக்க டீசல் வேண்டும். அதனால் வேகத்தடையில்கூட வேகத்தைக் குறைக்காமல் அப்படியே ஏற்றி இறக்கினார். புள்ளி சார் குறிப்பேட்டில் 'நன்று' என்று எழுதினார். உள்கண்ணாடியில் புனல் ஆடியது. புனலுக்குப் பின்னால் கண்ணாடியில் தையல்காரம்மாவின் முகம் வந்து வந்து போனது. ஆறாவது தடைக்கு மேல் சத்தம் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்திருந்தார்.

பதினேழு. தாராளம் ஒவ்வொன்றாக எண்ணினார். திரும்பும்போது மறுபடியும் பதினேழு.

சாயங்காலம் டீசல் பங்க்கில் கழுத்துவரை நிரப்பி, அங்கேயே வகுத்துப் பார்த்தார்கள். பதிமூணு புள்ளி ஏழு.

தாராளத்தின் முகத்தில் மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பாத்தீங்களா சார்? வண்டி நல்லாத்தான் குடுக்குது."

"ஆமா," என்றார் புள்ளி சார், பேனாவை மூடியபடி. "வண்டி நல்லாத்தான் குடுக்குது. அப்ப இத்தனை நாளா மிச்சத்த யாரு எடுத்தது?"

சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

கண்ணாடி அறையில் விசாரணை. கதவு திறந்தே இருந்தது. சைக்கிளும் மற்ற டிரைவர்களும் டீ கிளாஸோடு வாசலில் நின்று ஓசியில் படம் பார்த்தார்கள். இனிமேல் மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று தாராளம் எல்லாவற்றையும் கொட்டினார். டயர், சுற்று வழி, ஏசி, பிஸ்கட் எலும்பு.

"ஒரு பொம்பளைக்கு வலிக்கும்னு டயர்ல காத்த எறக்கினியா?" புள்ளி சார் சத்தம் போட்டுச் சிரித்தார். வாசலும் சிரித்தது.

"மாமா, நம்ம அக்காவுக்கு இடுப்பு வலின்னப்ப ஒரு தைலம் வாங்கித் தந்தியா நீ?" என்றான் சைக்கிள். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"அந்தம்மாவையே கேளுங்க சார்" என்றார் தாராளம்.

புள்ளி சார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, டயாலிசிஸ் வண்டி ஆபீஸ்லேர்ந்து பேசறேன். வண்டி குலுங்கினா உங்களுக்கு எலும்பு ரொம்ப வலிக்குமாமே? உக்கார முடியாதாமே?"

அப்போதுதான் தாராளத்துக்கு உறைத்தது. மூணாம் நம்பர் வண்டியில், முன் சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டுப் பெட்டியின் மூடிமேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். 'நிமிர்ந்து அமர இயலாத நோயாளிகளுக்கு இந்த இலவச வண்டிச் சேவை கிடையாது.' தையல்காரம்மா வாரத்தில் மூன்று நாள், போக ஒருமுறை வர ஒருமுறை அதைப் படித்துக்கொண்டு வந்தவர்.

"எனக்கா? வலியா?" போனில் குரல் கணீரென்று வந்தது. "எவன் சொன்னான்? நான் கல்லு மாதிரி இருக்கேன். இன்னிக்குக்கூடக் கடைசி சீட்டுலதானே வந்தேன்? நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. சரி, இந்த டிரைவர் சுத்து வழியில கூட்டிட்டுப் போறாராமே?"

"ஆமா, தினம் சுத்துவான். ஏன்டான்னு கேட்டா டிராஃபிக்குன்னு புளுகுவான். அங்க அவனுக்கு என்ன ஜோலியோ, யாரைப் பாக்கப் போறானோ, எனக்கென்ன தெரியும்?"

புள்ளி சார் போனை வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தாராளத்துக்குத் தோன்றியது.

போலீஸுக்குப் போகவில்லை. சைக்கிளின் முகத்துக்காக விட்டார்களாம். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. மறுநாளே கழுவுகிற கொட்டகை. வீட்டில் மனைவி ஏழு சட்டையோடு நிறுத்தவில்லை, கட்டு முழுவதையும் தேய்த்து முடித்தார். கடைசிச் சட்டையை மடித்துவிட்டு, "எடுத்த காச எவளுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார். மகள் அன்று கேலி பண்ணவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். கேலி பண்ணியிருக்கலாம்.

மூணாம் நம்பர் வண்டி சைக்கிளுக்குப் போனது. "பதிமூணு ஏழு குடுத்த வண்டி. நீ பதினாலு ஆக்கிக் காட்டு" என்று புள்ளி சார் சாவியைக் கொடுத்தார். தையல்காரம்மாவுக்கு இனி நேர் ரோடு, பதினேழு தடை, அணைத்த ஏசி.

கொட்டகையில் தாராளத்துக்கு வேலை மூன்று. வண்டி கழுவ வேண்டும். உள்ளே வாந்தி இருந்தால் துடைக்க வேண்டும். காலையில் எட்டு வண்டிக்கும் காற்று பிடிக்க வேண்டும். டிரைவர்களை நம்பிக் குழாயைத் தரக்கூடாது என்று புள்ளி சார் புதுச் சட்டம் போட்டிருந்தார். காற்றை அளக்கிற மானி ஷெட்டில் ஒன்றே ஒன்று. அது இப்போது தாராளத்தின் சட்டைப் பையில்.

ஏழு வண்டிக்கு நாற்பது. மூணாம் நம்பருக்கு இருபத்தாறு.

முதல் சனிக்கிழமை சைக்கிளுக்குப் பன்னிரண்டு புள்ளி மூன்று. மற்ற ஏழு பேரும் அதைவிடப் பத்தில் ஒன்று, இரண்டு மேலே. புள்ளி சாருக்குப் பத்தில் ஒன்று போதும். சிவப்புப் புனல் பழைய கண்ணாடிக்கே திரும்பி வந்து ஆடியது.

"மாமா, காத்து சரியா வெச்சியா?"

"நாப்பது, மச்சான்."

குனிந்து பார்த்திருந்தால் டயரின் வயிறு லேசாகப் பிதுங்கியிருப்பது தெரிந்திருக்கும். சைக்கிள் குனிகிற ஆள் இல்லை. அவன் கண் எப்போதும் பலகையில். இரண்டாவது சனிக்கிழமையும் புனல். ஷெட்டில் அவன் வரும்போது பேச்சு நின்றது. "அக்கா புருஷன் வழியிலயே போறியாய்யா?" என்று புள்ளி சார் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று வீட்டில் மனைவி இஸ்திரிப் பலகையில் தலையைச் சாய்த்து அழுதார். "என் தம்பியையும் திருடன்ங்கறாங்களே! அவனா எடுப்பான்? அவன் ஒரு சொட்டுகூட..." தாராளம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். உணவு தொண்டையில் இறங்கத்தான் செய்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை. நாலு மணிக்குப் பலகை. மதியம் இரண்டுக்கு, நோயாளிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும் வழியில் சைக்கிள் வண்டியை ஷெட்டுக்குள் திருப்பினான். கண் குழி விழுந்திருந்தது.

"மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. காத்த ஒருதரம் பாத்துடு. நல்லாப் பாரு, உன் கால்ல வேணா விழறேன். இன்னிக்கும் புனல்னா நான் முடிஞ்சேன்." சொல்லிவிட்டு இறங்கி, டீசல் ரசீதை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினான்.

தாராளம் குழாயோடு பின் சக்கரத்தருகே குந்தினார். ஒரு நிமிஷம் போதும். நாற்பது ஏற்றிவிட்டு, 'மெல்லக் காத்து இறங்கியிருக்கு சார், டியூப் கோளாறு, மூணு வாரமா அதான்' என்று சொன்னால் போதும். மச்சானின் வேலை நிற்கும். மனைவி அழுகையை நிறுத்துவார். ஒருவேளை, யோசித்துப் பார்க்கிறவர்கள் இருந்தால், அவர் பெயரும் கொஞ்சம் வெளுக்கும். குழாயை வால்வில் சொருகினார்.

முன் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. தையல்காரம்மா தலையை நீட்டினார். இன்னும் இளைத்திருந்தார்.

"யாரு, நீயா? தண்ணி ஊத்தவா வெச்சிருக்கானுங்க?"

"ஆமாம்மா."

"சரியான வேலைதான். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே." குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் ஷெட் முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு நீ கடைசியா ஓட்டினியே, அதோட போச்சுடா என் இடுப்பு. மிஷினுக்கு வந்த நேரம் போக மூணு நாள் படுத்தே கெடந்தேன். உனக்கு அப்படி என்ன கோவம் என் மேல? இந்தப் பையனுக்கு ஓட்டத் தெரியுது. அதே நாசமாப்போன ரோடுதான், ஆனா பாதிதான் குலுங்குது. மனுஷன்னா கைப்பக்குவம் வேணும். உன்னை மாதிரி இல்ல."

"சரிம்மா."

"கண்ணாடிய ஏத்திக்கறேன். வெயில்."

கண்ணாடி ஏறியது. கண்ணாடி அறைக்குள் சைக்கிள் கைகளை விரித்து விரித்துப் பேசுவது தெரிந்தது. புள்ளி சார் மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

தாராளம் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார். பையிலிருந்து மானியை எடுத்து வால்வில் அழுத்தினார். இருபத்தாறு. கட்டைவிரலால் வால்வு ஊசியை லேசாக அமுக்கினார். டயர் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி அளந்தார்.

இருபத்தைந்து.

மூடியைத் திருகிவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.